தீண்டப்படாத தீவு: ஒரு சொல்லின் அரசியல்

கடந்த சில ஆண்டுகளில் தமிழ்ப் பயணக் கட்டுரை கடலுக்கடியிலும் இறங்கத் தொடங்கியிருக்கிறது. கோயில், கோட்டை, பனிமலை என்று சுற்றிக்கொண்டிருந்த எழுத்து இப்போது முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஸ்கூபா முக்குளிப்புக்குப் போகிறது. அந்தமான், மாலத்தீவு, தாய்லாந்து, அங்கிருந்தும் தள்ளிப் போர்னியோவின் சபா மாநிலத்துக் கடல். தமிழில் புதிய அனுபவங்கள் எழுதப்படுவது நல்லதுதான். அதில் எனக்குப் புகார் இல்லை. என் புகார் ஒரு சொல்லைப் பற்றியது. இக்கட்டுரைகளிலும் இவற்றுக்கு ஊற்றான சுற்றுலா விளம்பரங்களிலும் ஏதோ ஒரு வடிவத்தில் அது வந்துவிடுகிறது. மனிதர் தீண்டாத தீவு, தீண்டப்படாத பேரழகு, கறைபடாத கன்னிக் கடல்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளமாகச் சண்டை பிடிக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு அதையே கற்பித்தும் பிழைக்கும் ஒருவனுக்குச் சண்டை பிடிக்கச் சொல்லை விட்டால் வேறென்ன இருக்கிறது?

ஆங்கில விளம்பரத்தில் இச்சொல் சாதுவாகத்தான் இருக்கிறது. யார் கையும் படாதது, புத்தம் புதியது என்ற அளவில் அதன் வேலை முடிந்துவிடும். தமிழுக்கு வந்தவுடன் அதற்கு இன்னொரு வரலாறு ஒட்டிக்கொள்கிறது. தீண்டுதல் என்ற வினையிலிருந்து தீண்டாமை என்ற பெயரை உண்டாக்கி, அதை ஒரு சமூக ஏற்பாடாகவே பல நூற்றாண்டுகள் நடத்தி, பின்னர் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அதை ஒழித்ததாக எழுதி வைத்திருக்கும் நாட்டில் வாழ்கிறோம். இந்த மொழியில் ‘தீண்டப்படாத’ என்ற எச்சத்தை அறியாமையோடு பயன்படுத்த முடியாது. எது தீண்டப்படாமல் இருக்கிறது என்று சொன்ன மறுகணமே, யார் தீண்டக்கூடாது என்று எவர் முடிவு செய்தார் என்ற கேள்வி தமிழில் எழுந்தே தீரும். ‘கன்னி’ என்ற சொல்லுக்கும் இது பொருந்தும். 1960இலிருந்து தினத்தந்தியில் வந்துகொண்டிருக்கும் கன்னித்தீவுக்கு ஒரு கற்பனை உரிமை உண்டு. உண்மையான அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொண்ட ஒரு தீவுக்கு அந்த உரிமை கிடையாது.

நம் எழுத்தாளர்கள் விளம்பரத் தாளிலிருந்து இரவல் வாங்கிய இச்சொல் எதை மறைக்கிறது என்பதை ஒரே ஒரு தீவை முன்வைத்துப் பேச விரும்புகிறேன். சிபாடான். முக்குளிப்போரின் உலகில் இதைவிடப் புகழ்பெற்ற சிறு தீவுகள் அதிகம் இல்லை.

1

போர்னியோவின் வடகிழக்கு மூலையில், மலேசியாவின் சபா மாநிலத்தில், செம்போர்னா என்ற துறைமுக ஊர் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ‘சம்பூரணம்’தான் மலாயில் அப்படித் திரிந்து நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து தவாவ் நகருக்கு விமானம், அங்கிருந்து சாலைவழி செம்போர்னா, பிறகு விசைப்படகு. இவ்வளவு தூரம் போய் அடையும் சிபாடானின் பரப்பு 0.13 சதுர கிலோமீட்டர்தான். நம் ஊர்க் கண்மாய்கள் பல இதைவிடப் பெரியவை.

தீவின் பெருமை நிலத்தில் இல்லை. கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஓர் எரிமலையின் உச்சியில் பவளம் படிந்து உண்டானது அது. கரையிலிருந்து சில எட்டுகள் நடந்தால் கடல் திடீரெனச் செங்குத்தாக இறங்கிவிடும். அந்தச் சுவரை ஒட்டிப் பேராமைகளும் அழுங்காமைகளும் மேய்கின்றன. நூற்றுக்கணக்கான சீலா மீன்கள் ஒன்றுசேர்ந்து சுழல்காற்றைப் போல வட்டமிடுகின்றன. நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாக வந்து பவளத்தைக் கடித்து மென்று மணலாகக் கழிக்கின்றன. நீருக்கடியில் ஒரு குகை இருக்கிறது. உள்ளே புகுந்து, வெளியேற வழி தெரியாமல் மூச்சு முட்டி இறந்த ஆமைகளின் எலும்புகள் அதில் கிடக்கின்றன. இவை மிகையற்ற உண்மைகள். பார்த்தவர்கள் பரவசம் அடைவதில் வியப்பு ஏதுமில்லை.

ஸ்கூபா முக்குளிப்புக்கான கருவியை 1943இல் எமில் கான்யானோடு சேர்ந்து உருவாக்கியவர் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் குஸ்தோ. அவர் இத்தீவைப் பற்றிய ஆவணப்படத்தை 1989இல் வெளியிட்டார். தீண்டப்படாத ஒரு கலைப்படைப்பு என்று அவர் இத்தீவைப் பாராட்டியதாக விளம்பரங்கள் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கின்றன. நாம் பேசிக்கொண்டிருக்கும் சொல் இத்தீவுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

இங்கே ஒரு சிறு நகைமுரண் உண்டு. சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று இத்தீவை விவரிக்கும்போது, 1980களில் முக்குளிப்புச் சுற்றுலாத் தலமாக மாற்றப்படும் வரை இங்கே நிரந்தரமாக யாரும் குடியிருக்கவில்லை என்று குறிப்பிடுகிறது. அதாவது இத்தீவின் முதல் ‘நிரந்தரக் குடிகள்’ முக்குளிக்க வந்தவர்களும் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்களும்தான். தீண்டப்படாதது என்ற புகழ் உலகெங்கும் பரவத் தொடங்கிய அதே பத்தாண்டில்தான் தீவு முதன்முறையாக நிலையாகத் தீண்டப்பட்டது.

2

அந்தத் தீர்ப்பை இலக்கிய வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு பார்க்க வேண்டும். நம் கதைகள் எதிலும் இல்லாத அளவுக்கு அதில் அங்கதம் இருக்கிறது.

சிபாடானும் பக்கத்திலுள்ள லிகித்தானும் யாருக்குச் சொந்தம் என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் வழக்காடின. 1891இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் போர்னியோவைக் கோடு கிழித்துப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் கடலுக்குள்ளும் நீள்கிறது, ஆகவே தீவுகள் தமக்கே என்றது இந்தோனேசியா. சூலு சுல்தானிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்த உரிமை தன்னுடையது என்றது மலேசியா. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. பழைய தாள்களால் தீராத வழக்கில், இத்தீவுகளின்மீது உண்மையாகவே அரசதிகாரத்தைச் செலுத்தியவர் யார் என்று பார்த்தது. 2002 டிசம்பர் 17 அன்று, 16க்கு 1 என்ற வாக்கில், தீவுகள் மலேசியாவுக்கு என்று தீர்ப்பானது.

மலேசியாவுக்கு வெற்றி தேடித் தந்த சான்றுகள் எவை? ஆமை முட்டை சேகரிப்பதை ஒழுங்குபடுத்தி 1917இல் பிரிட்டிஷ் வட போர்னியோ நிர்வாகம் பிறப்பித்த சட்டமும் அதன்கீழ் நடந்த நடவடிக்கைகளும். 1933இல் சிபாடானைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. 1960களின் தொடக்கத்தில் கட்டிய கலங்கரை விளக்கங்கள். அவ்வளவுதான்.

ஆமை முட்டை சேகரிப்பதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டியிருந்தது என்றால், அதைச் சேகரித்த மனிதர்கள் இருந்தார்கள் என்று பொருள். பருவந்தோறும் படகில் வந்து, மணலில் குழி தோண்டி, முட்டை எடுத்து, மீன் உலர்த்தி, காற்று மாறியதும் திரும்பிப் போனவர்கள். அவர்கள் தமக்குள் போட்ட சண்டையைத் தீர்த்துவைத்த அதிகாரியின் குறிப்பு இறையாண்மைக்குச் சான்றாகிவிட்டது. சண்டை போட்டவர்கள் எதற்கும் சான்றாகவில்லை. இந்தோனேசியா தன் பங்குக்கு, தன் நாட்டு மீனவர்கள் இந்நீர்ப்பரப்பை மரபாகவே பயன்படுத்தி வந்ததை எடுத்துச் சொன்னது. அரசாங்கத்தின் ஆணைப்படியோ அதிகாரத்தின் கீழோ நடக்காத தனியாரின் செயல்கள் அரசதிகாரத்துக்குச் சான்றாகா என்று நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டது.

சட்டத்தின் தர்க்கத்தை நான் குறை சொல்லவில்லை. இரண்டு அரசுகளுக்கு இடையிலான வழக்கில் அரசுகளின் செயல்களைத்தான் நீதிமன்றம் எடைபோடும். ஆனால் அந்தத் தர்க்கம் நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஒரு தீவில் மனிதர் கால் படுவது ஒன்று. பட்டதாகக் கணக்கில் ஏறுவது இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக முட்டை தோண்டிய கைகள் ஏடுகளில் ஏறவில்லை. ஆகவே தீவு ‘தீண்டப்படாதது’ ஆயிற்று. நம் பயணக் கட்டுரையாளர் மனிதர் தீண்டாத தீவு என்று எழுதும்போது, தன்னை அறியாமலேயே ஒரு பதிவேட்டு எழுத்தரின் பார்வையில் எழுதுகிறார். பதிவில் இல்லாதவர் மனிதர் இல்லை என்பது எழுத்தரின் இலக்கணமாக இருக்கலாம். எழுத்தாளரின் இலக்கணமாகவும் அதுவே இருக்கலாமா?

3

அந்தக் கடலின் மனிதர்களில் ஒரு பிரிவினர் பஜாவ் லாவுட். லாவுட் என்றால் மலாயில் கடல். கரையேறிக் குடியமர்ந்த பஜாவ் மக்கள் சபாவின் பெரிய இனக்குழுக்களில் ஒன்று. பெரும்பாலும் மலேசியக் குடிமக்கள். கடலிலேயே தங்கிவிட்ட பஜாவ் லாவுட் மக்களின் கதை வேறு. லெபா என்ற மரப்படகையே வீடாகக் கொண்டு இன்றைய பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியாவுக்கு இடைப்பட்ட கடலில் அவர்கள் அலைந்து வாழ்ந்தார்கள். மூன்று நாடுகளின் எல்லைகளும் பின்னால் வந்தவை. எல்லைகள் வந்தபின் ஒவ்வொரு நாடும் இவர்களைப் பக்கத்து நாட்டுக்காரர்களாகப் பார்க்கத் தொடங்கியது. செம்போர்னாவைச் சுற்றியுள்ள பஜாவ் லாவுட் மக்களில் பலர் இன்று நாடற்றவர்கள். அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாததால் அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது அரிது. அரசு மருத்துவமனைக்குப் போனால் அந்நியருக்குரிய கட்டணம்.

இப்போது முக்குளிப்புக்கு வருவோம். காற்று உருளை, அழுத்தமானி, மிதவை அங்கி, துடுப்புக் காலணி, சில நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ் அட்டை. இவ்வளவும் சேர்ந்துதான் நகரவாசி ஒருவரை ஒரு முக்கால் மணி நேரம் நீருக்கடியில் வைத்திருக்கின்றன. பஜாவ் மனிதர்கள் மரச்சட்டமிட்ட கண்ணாடியை மாட்டி, ஈட்டியை எடுத்து, மூச்சை அடக்கி இறங்குகிறார்கள். 2018இல் ‘செல்’ என்ற ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, இந்தோனேசியாவின் மத்திய சுலவேசிக் கரையில் வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்து நிலவாசிகளின் மண்ணீரலைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரிதாக இருப்பதைக் கண்டது. முக்குளிக்காத பஜாவ் மக்களுக்கும் அப்படியே இருந்தது. மூச்சை அடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, ஆக்சிஜன் ஏந்திய செவ்வணுக்களை இரத்தத்தில் கலக்கிறது. ஆக, பெரிய மண்ணீரல் என்பது உடலுக்குள்ளேயே ஒரு காற்று உருளையை வைத்திருப்பது போன்றது. நீரில் மூழ்கி வாழ்ந்த நெடுங்காலம் ஒரு மக்களின் மரபணுவிலேயே எழுதப்பட்டுவிட்டது. அதே இனவழியைச் சேர்ந்தவர்களிடம்தான், நீ இந்தக் கடலைச் சேர்ந்தவன் என்பதற்குத் தாள் எங்கே என்று சபாவில் கேட்கிறார்கள்.

சிபாடானுக்குப் போகும் பயணிக்குத் தாள் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு இறுதிக்குள் தீவிலிருந்த விடுதிகள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன. பிறகு நாளொன்றுக்கு 120 பேருக்கு மட்டும் அனுமதி என்று வரையறுத்தார்கள்; அந்த எண்ணிக்கை பின்னர் கூட்டப்பட்டது. கடவுச்சீட்டு விவரம் கொடுத்துக் கட்டணம் கட்டி அனுமதி பெற்றவர் பகலில் வந்து முக்குளித்துவிட்டு மாபுல், கபாலாய் போன்ற பக்கத்துத் தீவுகளுக்கோ செம்போர்னாவுக்கோ திரும்பிவிட வேண்டும்.

அந்த மாபுலையும் கபாலாயையும் நம் கட்டுரையாளர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். நீரின்மேல் மரத்தூண்களில் நிற்கும் குடில்கள், பலகை நடைபாதை, அறையிலிருந்து படிக்கட்டில் இறங்கினால் கடல். கபாலாய் ஒரு மணல் திட்டு. அங்கே விடுதி முழுவதும் மரபான நீர்க்கிராமத்தின் சாயலில் தூண்களின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. யாருடைய மரபு? கடல்மேல் கால் நட்டு வீடு கட்டுவது இந்தக் கடலோர மக்களின் மரபு. மாபுலில் விடுதிக் குடில்களின் அருகிலேயே பலகையும் தகரமும் கொண்டு தூண்களின்மேல் நெருக்கியடித்து நிற்கும் அவர்களுடைய வீடுகளைப் பார்க்கலாம். ஒன்றுக்கு உரிமம் உண்டு, ஓர் இரவுக்கு வாடகை உண்டு. மற்றொன்றுக்கு ‘சட்டவிரோதக் கட்டுமானம்’ என்று பெயர்.

2024 ஜூன் மாதம், செம்போர்னாவுக்கு அருகிலுள்ள துன் சகாரான் கடல் பூங்காவின் தீவுகளில் அப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அகற்றப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டதாக உரிமை ஆர்வலர்கள் சொன்னார்கள். சில வீடுகள் எரிந்தன. எரித்தவர் யார் என்பதில் அதிகாரிகளும் ஆர்வலர்களும் வேறுவேறு சொன்னார்கள். பூங்காவின் பாதுகாப்பு, குற்றத் தடுப்பு, எல்லைக் காவல் ஆகியவை காரணமாகக் கூறப்பட்டன. செம்போர்னாவில் 1994 முதல் லெபா படகுத் திருவிழா நடந்து வருகிறது. கொடியும் தோரணமும் கட்டிய படகுகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். படகு பண்பாடாகிவிட்டது, அதில் பிறந்து வளர்ந்தவர் ஆக்கிரமிப்பாளராகிவிட்டார்.

முக்குளிப்பு கற்றுத்தரும் இடங்களில் சொல்லப்படும் முதல் பாடம், எதையும் தொடாதே என்பது. நல்ல பாடம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோ வளரும் பவளம் ஒரு காலணி உதையில் முறிந்துவிடும். ஆனால் நீருக்கு வெளியே ஏறியபிறகும் அந்தப் பாடம் தொடர்வதுதான் என் கவலை. தோணியில் வந்து சிப்பியும் மீனும் விற்கும் சிறுவர்களைப் பயணி படம் பிடிக்கிறார். கட்டுரையில் அவர்கள் ‘கள்ளமில்லாச் சிரிப்பு’ ஆகிறார்கள். அவர்களுக்குப் பள்ளி உண்டா, இரவில் எங்கே தூங்குகிறார்கள், கடலில் பிறந்த அந்தக் குழந்தையின் பெயர் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறதா என்று ஒரு வரி கிடையாது. பார்க்கலாம், தொடக்கூடாது. தீண்டாமை என்று இதற்குத்தான் நம் மொழியில் பெயர்.

4

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

முதலாவது, இயற்கைப் பாதுகாப்பு. செம்போர்னாக் கடலில் வெடி வைத்து மீன் பிடிக்கும் வழக்கம் உண்டு. அது பவளத்தைச் சுக்குநூறாக்குகிறது. கடலோடிகளும் அதில் ஈடுபட்டிருக்கிறார்கள். ஆமை முட்டைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டே இருந்தால் ஆமை இருக்காது. ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2004இல் விடுதிகளை வெளியேற்றியது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் அந்த முடிவு நமக்குச் சொல்வது என்ன? தீவை நிலையாக ஆக்கிரமித்துக் கழிவுநீரும் குப்பையுமாகத் திணறடித்தது விடுமுறைத் தொழில்தான். 2006 மே மாதம் கட்டுமானப் பொருட்களை ஏற்றி வந்த ஒரு பெரிய மிதவைக்கலம் சிபாடானின் பவளத்திட்டில் ஏறிப் பெருஞ்சேதம் விளைவித்தது. அந்தக் கலத்தை லெபாவில் வாழ்பவர் எவரும் கொண்டுவரவில்லை. கடல்நீர் சூடேறிப் பவளம் வெளிறுவதற்கும், 2024இல் உலகின் நான்காவது பெரும் வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டதற்கும் துடுப்புப் போட்டுப் போகிறவர் காரணமா, விமானமேறி முக்குளிக்கப் போகிறவர் காரணமா? பாதுகாப்பின் பெயரால் வெளியேற்றப்பட்ட விடுதிக்காரருக்குப் பக்கத்துத் தீவில் கடை விரிக்க வழி இருந்தது. வெளியேற்றப்பட்ட பஜாவ் குடும்பம் எங்கே போகும் என்பதற்குப் பாதுகாப்புத் திட்டத்தில் விடை இல்லை. அந்த விடையைக் கேட்பது பவளத்துக்கு எதிரான செயலாகாது.

இரண்டாவது, காவல். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அபு சய்யாஃப் குழுவினர் சிபாடான் விடுதியில் புகுந்து 21 பேரைக் கடத்திப் பிலிப்பைன்ஸின் ஜோலோ தீவுக்குக் கொண்டுபோனார்கள். 2013இல் லகாட் டத்துவில் ஆயுதமேந்திய ஊடுருவல் நடந்தது. அதன்பின் கிழக்கு சபாக் கடலில் தனிப் பாதுகாப்பு மண்டலமும் இரவு நேரத் தடையும் வந்தன. அச்சம் பொய்யில்லை. ஆனால் பெயரும் அட்டையும் இல்லாத மக்கள் கூட்டத்தைக் கடலில் அப்படியே விட்டுவைப்பது காவலுக்கு எப்படி உதவும்? பதிந்துகொள்ளாமல் விட்டவர்களே, பதிவில்லாதவர் என்று அஞ்சுகிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடத்தப்பட்ட 21 பேரில் ஐரோப்பிய, லெபனான், தென்னாப்பிரிக்கப் பயணிகளைப் பற்றி உலகப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. அவர்களோடு பிடித்துச் செல்லப்பட்ட விடுதி ஊழியர்களைப் பற்றி எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

மூன்றாவது வாதம் நம் ஊர்க்காரருடையது. நான் ஓய்வுக்காகப் போகிறேன், சமூக ஆய்வுக்காக அல்ல. என் மகிழ்ச்சியை எழுத எனக்கு உரிமை இல்லையா? தாராளமாக உண்டு. ஓய்வெடுப்பவர் எதையும் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனால் எழுதி, இலக்கிய இதழுக்கு அனுப்பி, அதை இலக்கியம் என்று வாசிக்கச் சொல்லும்போது வாசகனுக்கும் சில உரிமைகள் வந்துவிடுகின்றன. மீனின் நிறத்தை நான்கு பத்திகளுக்கு வருணித்தவர், தன் காற்று உருளையைத் தூக்கிப் படகில் வைத்தவரின் முகத்தை ஏன் ஒரு வரியில்கூடப் பார்க்கவில்லை என்று கேட்பது அவற்றுள் ஒன்று.

5

இதைத் தமிழில் எழுதுபவரிடம் கூடுதலாகவே கேட்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆளில்லாத நிலக்காட்சி என்ற கருத்து நம் கவிதையியலுக்கு அந்நியமானது.

வகுப்பில் நெய்தலைக் கற்பிக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு நான் வலியுறுத்தும் ஒன்று உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள்தான். அவை மட்டும் திணையாகிவிடாது. அங்கே விளையும் உணவு, அங்குள்ள பறவை, பறை, யாழ், அம்மக்களின் தொழில் எல்லாம் கருப்பொருளாக வந்து சேர வேண்டும். அதன்மேல் இரங்கலாகிய உரிப்பொருள் வந்து அமர வேண்டும். பரதவரும் நுளையரும் உமணரும் இல்லாத நெய்தல் சங்கப் பாட்டில் இல்லை. மீன் உலர்த்தும் பெண்ணின் ஊடாகத்தான் கடற்கரை நமக்குத் தெரிகிறது; கொற்கை முத்துக்குப் பின்னால் மூச்சடக்கி மூழ்கியவன் இருக்கிறான். அந்த மரபு அறுந்துவிடவும் இல்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ முதல் தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வரை நம் நவீனக் கடல் எழுத்து மனிதர்களால் நிறைந்தது. பயண நூலிலும் அப்படித்தான். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியின் கரையோடு போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யில் நதியைப் போலவே அதன் கரையில் வாழ்ந்தவர்களும் பாத்திரங்கள். இவ்வளவு செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போர்னியோவுக்குப் போனதும் விளம்பரத் தாளின் மொழியில் எழுதுவது என்ன வறுமை?

இது தூரத்துக் கடலின் சிக்கல் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளமும் கடற்பசுவும் வாழும் அக்கடலைக் காக்க வேண்டியது அவசியமே. ஆனால் அத்தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்து வாழ்ந்த இராமநாதபுரம் கரையோரப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுவோர் ஆனார்கள். நாளை அங்கே ஒருவர் காற்று உருளையோடு இறங்கிவிட்டு வந்து, மனிதர் தீண்டாத நம் பவளத் தீவுகள் என்று கட்டுரை எழுதக்கூடும். சிபாடானைப் பற்றி அப்படி எழுதியபோது வாளாவிருந்தவர்களுக்கு அப்போது கோபம் கொள்ளத் தகுதி இருக்காது.

முக்குளிக்கப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். சீலாக்களின் சுழலைப் பாருங்கள். அது எழுதப்பட வேண்டிய காட்சிதான். அதற்கான சொற்களும் தமிழுக்கு வரட்டும். பேராமைக்கும் அழுங்காமைக்கும் வேறுபாடு தெரிந்து எழுதும் ஒருவர் நமக்குக் கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் படகு ஓட்டியவரின் பெயரைக் கேளுங்கள். அவருக்கு எந்த ஊர், அவர் குழந்தை எங்கே படிக்கிறது என்று கேளுங்கள். பக்கத்துத் தூண் வீடுகளில் இருந்தவர்கள் அடுத்த முறை போகும்போது அங்கேயே இருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று எழுதுங்கள். இவ்வளவும் செய்தபின் அந்தத் தீவைத் தீண்டப்படாதது என்று எழுத உங்களுக்கே கை வராது.

இதழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி அப்படியொரு கட்டுரை வந்தால் சந்திப்பிழைகளைத் திருத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சொல்லின் கீழே கோடிட்டு, யாரால் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். யாரால் தீண்டப்படாதது? விடை எழுதத் தெரிந்தவர் நல்ல கட்டுரையோடு திரும்பி வருவார்.